நுணுக்கமும் குறைவும்

ஒரு செயலோ விசையோ ஒலியோ சிறிது சிறிதாகத் தன் வேகத்தை இழப்பதைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள்ளன. ஓய்தல், தணிதல், ஆறுதல், அடங்குதல், அவிதல், தளர்தல், தேய்தல், சாய்தல், மெலிதல், உலத்தல், வடிதல், வற்றுதல் என அவை விரியும். நிகண்டு நூலார் முறையில் இவற்றை ஒருங்கு தொகுத்து எண்ணுதல் எளிது. ஒன்று நின்ற இடத்தில் மற்றொன்று நிற்குமா என வினவி விடை காண்டல் அத்துணை எளிதன்று. அவ்வினாவையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

வினா எழுந்த சூழலை முதற்கண் கூறிவிடுதல் முறையாகும். முதுகலை வகுப்பில் நெடுநல்வாடை பாடம் நடந்துகொண்டிருந்தது. வெள்ளத்தைப் பற்றிய இடத்தில் வரும் 'சாஅய்' என்ற சொல்லுக்குக் 'குறைந்து' என்று பொருள் கூறினேன். அடுத்த அடியில் மழையைப் பற்றி வரும் 'உலந்து' என்ற சொல்லுக்கும் 'குறைந்து' என்றே கூறினேன். இரண்டிற்கும் பொருள் ஒன்றாயின் புலவர் இருவேறு சொற்களை ஆண்டது ஏன் என்று ஒரு மாணவர் வினவினார். யாப்பமைதி நோக்கி என விடை கூறி மேலே சென்றேன். அவ்விடை மாணவருக்கு நிறைவளித்ததோ, அறியேன். எனக்கு நிறைவளிக்கவில்லை.

இஃது ஒருவரது வகுப்பறைக் குறை மட்டுமன்று. சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை 1887இலும், உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889இலும், புறநானூற்றை 1894இலும் அச்சேற்றிய பின்னர், இந்நூல்கள் ஏட்டினின்றும் பள்ளிக்கும் கல்லூரிக்கும் வந்தன. பாடத்தின் தேவைக்காகச் சுருங்கிய பொழிப்புரைகள் பெருகின. சுருங்கிய உரைக்குப் பொதுச்சொல் ஏற்றது. தணிவைக் குறிக்கும் சொல் எதுவாயினும் 'குறைந்து' என ஒரே சொல்லால் பொருள் எழுதும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது. இன்று ஆய்வேடுகளும் அதனையே பின்பற்றுகின்றன. இதனால் விளையும் இழப்பு சொல் வளத்தின் இழப்பு மட்டுமன்று. பாட்டின் பொருளே பிறழ்வதும் உண்டு என்பதை மேலே காண்போம்.

தொல்காப்பியர் காட்டும் நெறி

தொல்காப்பியர் சொல்லதிகார உரியியலில் ஆய்தல், ஓய்தல், சாய்தல், நிழத்தல் என்னும் நான்கினையும் ஒரு நூற்பாவில் அடக்கிப் பொருள் கூறுகின்றார். நான்கிற்கும் அவர் கூறும் பொருள் நுணுக்கம் என்பதாகும். ஆயின் அவ்வொரு சொல்லோடு அவர் அமையவில்லை. நுணுகுவது எது என்பதையும் உடன் கூறுகின்றார். முன்னமே உள்ளதாகிய ஒன்றே நுணுகுகிறது என்பது அவர் கருத்து.

இவ்வடைமொழியின் சிறப்பை உணர்வதற்கு அதே இயலின் பிறிதொரு நூற்பாவை நோக்குதல் நன்று. உறு, தவ, நனி என்னும் மூன்றற்கும் பொருள் கூறுங்கால் மிகுதி என்ற அளவில் ஆசிரியர் நின்றுவிடுகிறார். எதன் மிகுதி என்று கூறவில்லை. கூற வேண்டுவதும் இல்லை. மிகுதியைக் கண்ட அளவிலேயே அறியலாம். நுணுக்கமோ அத்தகையதன்று. சிறிய ஓடையைக் கண்ட ஒருவன் அதனைச் சிறியது என்றே கூறுவான். முன்னர் அது பெருவெள்ளமாகச் சென்றதைக் கண்டவனே அது சாய்ந்தது என்று கூறுவான். ஆகவே இந்நான்கு சொற்களும் பொருளின் இன்றைய நிலையோடு அதன் முன்னை நிலையையும் உடன் கொண்டு நிற்பன. 'உள்ளது' என்ற ஒரு சொல்லால் ஆசிரியர் இதனைப் பெறவைத்தார் என்று கொள்ளலாம்.

நுணுக்கம் என்ற சொல்லாட்சியும் கருதத்தக்கது. சுருக்கம் என்றோ குறைவு என்றோ இழிவு என்றோ அவர் கூறவில்லை. நுண்மை குறைபாடு ஆகாது. நூல் நுணுகும், அறிவு நுணுகும், கேள்வியும் நுணுகும். ஆய்தல் என்ற சொல் நுணுகுதலையும் ஆராய்தலையும் ஒருங்கு குறித்து நிற்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. ஆய்தம் என்னும் எழுத்தின் பெயரை இச்சொல்லோடு இயைத்துக் காண்பாரும் உளர். பொருள் சிறிதாகும்போது அதனைக் காணும் கண்ணும் கூர்மை பெற வேண்டும் என்ற உண்மை இவ்விரு பொருள்களையும் இணைப்பதாகலாம்.

இவ்விடத்து ஒரு தடை எழும். ஆசிரியரே நான்கினையும் ஒரு பொருளின்பாற் படுத்தமையின் அவற்றிடையே வேறுபாடு காண்டல் மிகையன்றோ என்பது அத்தடை. உரியியலின் நோக்கத்தை உணரின் இத்தடை நீங்கும். வெளிப்படையான சொற்களை விடுத்து, வெளிப்படாத சொற்களுக்கு வெளிப்பட்டவற்றால் பொருள் உணர்த்துவது அவ்வியலின் நோக்கம். பொருளுக்கு மேலும் பொருள் கேட்டுக்கொண்டே செல்லின் அதற்கு எல்லை இல்லை என்பதையும் ஆசிரியரே கூறியுள்ளார். ஆகவே அவர் தருவது நான்கிற்கும் பொதுவான நுழைவாயில். உள்ளே செல்லுதல் செய்யுளைக் கற்பார் கடமை.

இரண்டு யானைகள்

உரையாசிரியர்கள் இந்நூற்பாவிற்குக் காட்டும் எடுத்துக்காட்டுகளே இவ்வழியைத் திறக்கின்றன. ஓய்தலுக்குக் கலித்தொகையின் பாலைப் பாட்டு ஒன்றிலிருந்து ஒரு களிற்றைக் காட்டுவர். நிழத்தலுக்கு மதுரைக்காஞ்சியிலிருந்து மற்றொரு யானையைக் காட்டுவர். யானை இரண்டும் தம் வலிமை நுணுகியவை. எனினும் இரண்டும் ஒரு நிலையின அல்ல.

கலித்தொகைக் களிறு வேனிலால் வருந்தியது. அதன் வலிமையை வெளியிலிருந்து ஒருவரும் அடக்கவில்லை. நாளும் அனுபவித்த வெம்மையால் உள்ளிருந்த ஆற்றல் செலவாகிச் செலவாகித் தீரும் நிலைக்கு வந்துள்ளது. மதுரைக்காஞ்சி யானையோ மூங்கிற் புதர் தீயில் எரிபட்ட பாலை நிலத்தில் நிற்பது. வலிமை நுணுகிய நிலையிலும் அது வேறு மேய்ச்சல் நிலத்தை நாடிச் செல்கிறது. முன்னையதில் தளர்ச்சி முதன்மை பெறுகிறது. பின்னையதில் தளர்ச்சியை உடன்கொண்டு நிகழும் செலவு முதன்மை பெறுகிறது. இரண்டையும் 'வலி குறைந்த யானை' என்று எழுதினால் பாலையின் கொடுமையும் தோன்றாது. மதுரைக்காஞ்சி யானையின் செலவும் தோன்றாது.

ஓய்தலின் இயல்பைப் பிறவினை வழக்கும் ஒருவாறு உறுதிசெய்கிறது. தணிதலுக்குத் தணித்தல் உண்டு. ஆறுதலுக்கு ஆற்றுதல் உண்டு. அடங்குதலுக்கு அடக்குதலும் அவிதலுக்கு அவித்தலும் உண்டு. இவை யாவும் பிறர் செயலால் நிகழத்தக்கவை. சினத்தைத் தணிக்கலாம், பாலை ஆற்றலாம், புலனை அடக்கலாம், விளக்கை அவிக்கலாம். மழையை ஓய்விப்பார் யாவர்? இன்றைய வழக்கில் ஓய்தலுக்கு இவைபோன்ற எளிய பிறவினை இல்லை. 'ஓயச் செய்தல்', 'ஓய்வித்தல்' என்று துணை கொண்டே கூற வேண்டியுள்ளது. மழையும் அலையும் ஆரவாரமும் தம் விசை தீர்ந்தே ஓய்வன. இச்சொல்லிலிருந்து பிறந்த ஓய்வு என்பது இன்று இளைப்பாறுதலையும் பணி நிறைவையும் குறிக்கும் இனிய சொல்லாகிவிட்டது. அதன் அடியில் உழைத்துத் தீர்ந்த ஆற்றல் ஒன்று உண்டென்பதை மறத்தலாகாது.

நெடுநல்வாடையில் மூன்று தணிவுகள்

இனி முன்கூறிய வகுப்பறை வினாவிற்கு வருவோம். 188 அடிகளால் ஆகிய நெடுநல்வாடையின் தொடக்கத்தில் நக்கீரர் கூதிர்க்காலப் பெருமழையைக் காட்டுகின்றார். மழை பெய்து வெள்ளம் பெருகிய நிலை முதலில் வருகிறது. பின்னர் அப்பெருக்கு மாறும் நிலையை நெருங்கிய சில அடிகளில் மூன்று கூறுகளாக வைக்கின்றார்.

முதலாவது வெள்ளம். அதற்கு அவர் ஆளும் சொல் சாஅய் என்பது. விரைந்து சென்ற நீர் சாய்ந்தமையால் கயல்மீன்கள் அதன் ஓட்டத்தை எதிர்த்து நீந்தத் தலைப்படுகின்றன. நீர் இன்னும் உள்ளது, ஓடிக்கொண்டும் உள்ளது. அதன் விசை மட்டும் சிறு மீன் எதிர்க்கத்தக்க அளவிற்கு நுணுகியது. வெள்ளம் எவ்வளவு சாய்ந்தது என்பதற்குப் புலவர் கோல் கொண்டு அளவு கூறவில்லை. கயலைக் கொண்டு கூறுகின்றார்.

இரண்டாவது பெயல். அதற்கு உலத்தல் என்ற சொல் வருகிறது. உலத்தல் முடிதலைக் குறிப்பது, எச்சம் வையாதது. மேகம் தன்னிடம் இருந்த நீர் முழுவதையும் பொழிந்து வெறுமையுற்றது. ஆதலின் அது வெண்மேகமாய் மேலெழுகிறது. வெள்ளத்திற்குச் சாய்தலும் பெயலுக்கு உலத்தலும் உரியவாயின. ஒன்றில் எஞ்சியது உண்டு, மற்றொன்றில் இல்லை. இடமாற்றி வைத்தால் இரண்டும் பொருந்தா.

மூன்றாவது துவலை. வெறுமையுற்ற வெண்மேகம் அகன்ற வானில் துவலை தூவுவதைப் புலவர் 'கற்றல்' என்ற வினையால் குறிக்கின்றார். இச்சொல்லாட்சி வியக்கத்தக்கது. பெருமழை பெய்து பழகிய மேகத்திற்கு நுண்துளி தூவுதல் புதிய கலை. அதனை அது கற்க வேண்டியிருக்கிறது. இங்கு நுணுக்கம் என்பது குறைவன்று என்பதும், அது தனியே பயின்று பெறவேண்டிய ஓர் ஆற்றல் என்பதும் பாட்டாலேயே விளங்கும். 'மழை குறைந்து தூறலாயிற்று' எனப் பொழிப்புரைத்தால் இக்கற்றல் மறைந்துபோகும். அன்று என் மாணவர் வினவியது இதனையே. அவருக்கு யான் கூறியிருக்க வேண்டிய விடையும் இதுவே.

இம்மூன்றையும் தொடர்ந்து நகரின் செயல்கள் தணிவதைப் புலவர் காட்டும் முறை வேறு. அங்கே தணிவைக் குறிக்கும் சொல்லையே அவர் பெரிதும் நாடவில்லை. விசிறிகள் சுருக்கப்பட்டுத் தொங்குகின்றன. சந்தனம் அரைக்கும் கல் பயனின்றிக் கிடக்கிறது. மேன்மாடத்துக் கதவுகள் தாழிடப்பட்டுள்ளன. குளிர்ந்த நீரை உண்பார் இலர். தடவில் இட்ட நெருப்பையே நாடுகின்றனர். வேனிற்கால வாழ்க்கை முழுவதும் மெல்ல ஒடுங்கியது என்பதை இப்பொருள்களே உணர்த்துகின்றன.

இத்தணிவுகள் எல்லாம் ஏன் இவ்வளவு நுட்பமாகப் பேசப்படுகின்றன? பாட்டின் இறுதி இதற்கு விடை தருகிறது. வெள்ளம் சாய்ந்தது, பெயல் உலந்தது, நகர் ஒடுங்கியது. தணியாதவை இரண்டு. அரண்மனையில் கட்டிலின்மேல் இருக்கும் தலைவியின் துயர் ஒன்று. பாசறையில் நள்ளிரவினும் பள்ளி கொள்ளாது புண்பட்ட வீரரைக் கண்டு வரும் அரசனின் வினை மற்றொன்று. சுற்றிலும் தணிவனவற்றை ஒவ்வொன்றாகக் காட்டியமையால் அன்றோ தணியாத இரண்டும் வலுப்பெறுகின்றன? இப்பாட்டு அகமா புறமா என்று அறிஞர் நெடுங்காலம் வாதிட்டுள்ளனர். எவ்வாறு கொள்ளினும் இம்முரண் பாட்டின் அடித்தளமாக நிற்கிறது. அதனைக் கண்டுகொள்ளத் தணிவுச் சொற்களின் வேறுபாடு நமக்கு வேண்டும்.

யாப்பிலே ஓர் அளவை

நுணுகுதல் வேறு, குறைதல் வேறு என்பதற்குச் சொல்லதிகாரத்தினும் செய்யுளினும் சான்று கண்டோம். யாப்பிலக்கணத்திலோ எண்ணிக் காணத்தக்க சான்று ஒன்று உள்ளது. அஃது அம்போதரங்க உறுப்பாகும்.

அம்போதரங்கம் என்பது நீர்த்திரை எனப் பொருள்படும். கரையை நோக்கி வரும் அலைகள் ஒன்றின்பின் ஒன்றாகச் சுருங்குதல் போலச் சுருங்கி வருதலின் இவ்வுறுப்பு இப்பெயர் பெற்றது என்பர் யாப்பிலக்கண உரையாளர். நாற்சீர் ஈரடியால் இரண்டு வருவது பேரெண். நாற்சீர் ஓரடியால் நான்கு வருவது அளவெண். முச்சீர் ஓரடியால் எட்டு வருவது இடையெண். இருசீர் ஓரடியால் பதினாறு வருவது சிற்றெண்.

இவற்றின் சீர்களைக் கூட்டிக் காண்போம். பேரெண்ணில் ஓர் உறுப்பிற்கு 8 சீர், இரண்டிற்கு 16. அளவெண்ணில் ஓர் உறுப்பிற்கு 4 சீர், நான்கிற்கு 16. இடையெண்ணில் ஓர் உறுப்பிற்கு 3 சீர், எட்டிற்கு 24. சிற்றெண்ணில் ஓர் உறுப்பிற்கு 2 சீர், பதினாறிற்கு 32. ஒவ்வோர் உறுப்பும் 8 சீரினின்றும் 2 சீராக நுணுகியது. மொத்தமோ 16 சீரினின்றும் 32 சீராகப் பெருகியது. இடையெண் நான்காகவும் சிற்றெண் எட்டாகவும் வருதலும் உண்டு. அங்கும் முறையே 12, 16 என்ற அளவே வரும். நாலில் ஒன்றாக நுணுகிய சிற்றெண்ணின் மொத்தம் பேரெண்ணின் மொத்தத்திற்குக் குறையாது நிற்கும். இதனைக் குறைதல் என்று கூற எவரும் துணியார். அலை சிறிதாகிறது, அலைகள் நெருங்குகின்றன, பாட்டு மெலியவில்லை.

இதன் பின்னர் வரும் தனிச்சொல்லும் சுரிதகமும் கருதத்தக்கன. நீர்ச்சுழி போலச் சுரிந்து முடிதலின் சுரிதகம் எனப்பட்டது என்பர். அடக்கியல் என்பது அதற்குரிய பிறிதொரு பெயர். கலிப்பாவின் துள்ளல் நடை அகவலாகவோ வெள்ளையாகவோ மாறி அமைதியுறுவது இவ்விடத்திலேயாம். நுணுகுதல் ஓர் உறுப்பிற்கும் அடங்குதல் மற்றோர் உறுப்பிற்கும் உரியவாக வைத்துப் பெயரிட்டவர்கள், இவ்விரண்டும் ஒன்றென எண்ணியிருத்தல் இயலாது.

ஆன்று அவிதல்

இறுதியாக, பொருள் பிறழ்ச்சி கருத்துப் பிழையாகவே முடியும் இடம் ஒன்றைக் காட்டுதல் வேண்டும். மதுரைக்காஞ்சி மதுரையின் நள்ளிரவைக் கூறுங்கால், உறங்கும் நகருக்கு ஒலி அவிந்த கடலை உவமை கூறுகிறது. அக்கடலுக்கு ஆன்றல், அவிதல் என்ற இரண்டு வினைகளையும் சேர்த்துக் கூறுகிறது. யாண்டு பலவாகியும் நரையின்றி இருத்தல் எவ்வாறு என்ற வினாவிற்குப் பிசிராந்தையார் விடை கூறும் புறநானூற்று 191ஆம் பாட்டில், தம் ஊரில் வாழும் சான்றோர்க்கும் ஆன்றல், அவிதல் என்ற இதே இணை வருகிறது. அதனோடு அடங்குதலும் சேர்கிறது.

கடலுக்கும் சான்றோர்க்கும் ஒரே இணை வந்தமை தற்செயல் என்று தள்ளத்தக்கதன்று. ஆன்றல் நிறைதலைக் குறிக்கும். பகல் முழுதும் ஒலித்து நிறைந்த கடலே நள்ளிரவில் அவிகிறது. குணங்களால் நிறைந்தவரே பணிவும் அடக்கமும் உடையர் ஆகின்றனர். நிறைதல் முன்னும் அவிதல் பின்னும் நிற்கும் இவ்வரிசையே இங்கு உயிர்நாடி. நிறையாதது அவிந்தால் அது வெறுமை. நிறைந்தது அவிந்தால் அது சான்றாண்மை. தொல்காப்பியர் 'உள்ளது' என்று வைத்த அடையின் பொருளை இவ்விரு பாட்டும் வேறொரு வகையில் நமக்கு விளக்குகின்றன.

இவ்விடத்துக் குறைதல் என்ற சொல்லைப் பெய்து பார்க்க. கடலின் ஒலி குறைந்தது எனலாம். அதனால் பெரும்பிழை இல்லை. சான்றோர் குறைந்தவர் எனல் ஆகுமோ? குறை என்பது தமிழில் குற்றமும் இன்மையும் முடிவுறாமையும் குறிக்கும் சொல். குறைபாடு, குறைகூறல், குறையிரத்தல் என அதன் வழிவந்தவை யாவும் இல்லாமையைச் சுட்டுவன. விலையும் கடனும் எண்ணிக்கையும் குறையலாம். அவை அளவால் ஆகியவை. மனிதரின் வேகமும் ஆரவாரமும் தணியுங்கால் அதனைக் குறைவு என்ற ஒரு சொல்லால் அளப்பது, முதுமையையும் அமைதியையும் இழப்பாக மட்டும் காணும் பார்வைக்கு நம்மை அறியாமலே இட்டுச்செல்லும்.

முடிவாகச் சில

தணிவைக் குறிக்கும் சொல் ஒன்றைச் செய்யுளில் காணும் ஆய்வாளர் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளுதல் பயன்தரும். விசை தன்னால் தீர்ந்ததா, பிறிதொன்றால் அடக்கப்பட்டதா என்பது முதல் வினா. தணிந்த பின்னர் எஞ்சியது யாது என்பது இரண்டாவது. தணிவு நிறைவிற்குப் பின் வந்ததா, நிறைவின்றி வந்ததா என்பது மூன்றாவது. இம்மூன்றிற்கும் விடை கண்ட பின்னர்ப் பொருள் எழுதப் புகின், ஒரே சொல்லால் எல்லாவற்றையும் நிரப்பும் நிலை வாராது.

இவ்வேறுபாடு ஏட்டில் மட்டும் வாழ்வது என்று எண்ணுதல் வேண்டா. மக்கள் வழக்கில் இன்றும் மழை ஓய்கிறது, வெள்ளம் வடிகிறது, வீக்கம் வற்றுகிறது, காய்ச்சல் தணிகிறது, வெயில் தாழ்கிறது, சந்தடி அடங்குகிறது, நிலவு தேய்கிறது. எழுத்தறியாதவரும் வெள்ளம் தணிந்த காய்ச்சலையும் வடிந்த நிலவையும் பேசுவதில்லை. பேச்சில் பிழையாது நிற்கும் இவ்வுணர்வு, உரை எழுதப் புகுந்த நம் கையிலேயே மழுங்கிவிட்டது. 'மழையின் அளவு குறைந்தது, காய்ச்சலின் வேகம் குறைந்தது, மக்களின் ஆரவாரம் குறைந்தது' என்று எழுதுவதைச் செப்பமான நடை என எண்ணுகிறோம். செப்பம் செய்யப்பட்டது நடையன்று; பொருளின் வேறுபாடே அங்குத் தேய்த்து அகற்றப்பட்டுள்ளது.

இங்குக் கூறியவை சங்கச் செய்யுட்கள் சிலவற்றையும் இலக்கணப் பகுதிகள் இரண்டையும் மட்டும் அடிப்படையாகக் கொண்டவை. ஓய்தல் முதலிய ஒவ்வொரு சொல்லையும் எட்டுத்தொகை, பத்துப்பாட்டு முழுவதிலும் தொடர்ந்து காணின், இம்முடிபுகளில் சில உறுதிபெறும். சில திருத்தம் பெறும். அப்பணியை முதுகலை மாணவர்கள் மேற்கொள்வாராயின் நன்று. அன்று வினா எழுப்பிய மாணவருக்கு இக்கட்டுரை காலந்தாழ்த்த விடையாகுக.